நீலக்குருவியும் நம் வீட்டுக் குருவியும்

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளின் இல்லத்திற்குச் சென்று திரும்பும் நம் சங்கத்துப் பெரியோர் பலர், "அங்கே பொழுதே போவதில்லை" என்று குறைபட்டுக் கொள்வதுண்டு. வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஒரு நாற்காலியை இட்டு அமர்ந்தால் அக்குறை நீங்கும் என்பது, சென்ற வேனிலில் நியூ ஜெர்சியில் தங்கிய நமது அனுபவமாகும்.

செங்கல் நிற மார்புடன் புல்தரையில் மண்புழுவை இழுத்துக்கொண்டிருப்பது ராபின். பெட்டை புல்லும் சேறும் கொணர்ந்து, தன் மார்பையே அச்சாக வைத்து அழுத்திக் கிண்ணம்போற் கூடு சமைக்கிறது. வாயில் விளக்கின் மேலும் கட்டக் கூசுவதில்லை. கொண்டையுடன் உடல் முழுதும் சிவந்திருப்பது கார்டினல் சேவல். மங்கிய பழுப்பு நிறமுள்ள அதன் பெட்டை, அடர்ந்த புதரில் மறைவாகக் கூடமைக்கும். துயரப்புறா என்பதோ நம் புறாக்களின் உறவே. நாலு குச்சிகளைக் கோணலாக அடுக்கி இரண்டு முட்டை இட்டுவிடும். சோம்பேறித் தச்சன்!

இவற்றினிடையே நம் சிட்டுக்குருவியைக் கண்டதும், "நம் ஊர்க் குருவி!" என்று கூவிவிட்டோம். அண்டை வீட்டு அமெரிக்கப் பெரியவர் முகஞ்சுளித்தார். 2012-இல் குருவியைத் தில்லியின் மாநிலப் பறவையாக்கி, அது அருகி வருகிறதேயென்று கூட்டுப் பெட்டி தொங்கவிடும் நமக்கு அது விளங்கவில்லை.

அவரே விளக்கினார். குருவி அந்நாட்டுப் பறவையன்று. மரங்களை அரிக்கும் புழுக்களை ஒழிக்குமென்று கருதி, 1850-களில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்து விட்டனர். 1890-இல் அந்நகர மத்தியப் பூங்காவில் ஸ்டார்லிங் என்னும் மைனா இனப்பறவை சுமார் அறுபதை விட்டனர். இரண்டும் நாடெங்கும் பெருகிப் பொந்துகளைக் கைப்பற்றின. அல்லலுற்றது நீலக்குருவி. வானீல முதுகும் செம்மண் மார்புமுடைய அதற்குத் தானாகப் பொந்து குடைய இயலாது. மரங்கொத்தி கைவிட்டதே கதி. அதிலும் குருவி புகுந்து குஞ்சைக் கொத்திக் கொல்லும்.

எனவே அன்பர்கள் பெட்டி செய்து வைக்கலாயினர். 1978-இல் நீலக்குருவிக்கெனவே ஒரு சங்கமும் தோன்றிற்று. ஒன்றரை அங்குலத் துளையில் ஸ்டார்லிங் நுழையாது. குருவியோ நுழைந்துவிடும்! நாட்டுப் பறவைகளின் முட்டையுள்ள கூட்டைக் கலைப்பது 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குருவிக்கு அக்காப்பு இல்லை.

ஒருநாள் பெரியவர் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். வைக்கோல், இறகு, காகிதத் துண்டுகள் கண்டபடி திணிக்கப்பட்டிருந்தன; நடுவே பழுப்புப் புள்ளியிட்ட ஐந்து வெண்முட்டைகள். ஐயமின்றிக் குருவியினுடையவை. அவர் அனைத்தையும் வாளியில் கொட்டினார். நாம் வாய் திறக்கவில்லை. அன்றிரவு உணவும் செல்லவில்லை.

மூன்று வாரங்கழித்து மீண்டும் அழைத்தார். மெல்லிய புல்லாற் செய்த துப்புரவான கிண்ணத்தில், புள்ளியற்ற நான்கு நீல முட்டைகள் இருந்தன. வேலிமேல் அமர்ந்து குருவிச் சேவல் ஓயாமற் கத்திக்கொண்டிருந்தது.