கம்பளி தராத செம்மறிகள்

கடலூர் மாவட்டம், சென்னை சிவப்பு எனப்படும் செம்மறியினம் பரவியுள்ள வடதமிழக நிலப்பரப்பைச் சேர்ந்தது. செம்பழுப்பு மேனியும் கிடாக்களுக்கு மட்டும் கொம்பும் உடைய இந்த ஆட்டின் உடலில் கத்தரித்து நூற்கத்தக்க கம்பளி வளர்வதில்லை, குட்டையான மயிரே வளர்கிறது.

செம்மறியின் தோலில் இருவகை நுண்பைகள் உள்ளன: முதல்நிலைப் பைகளிலிருந்து தடித்த மயிரும், இரண்டாம்நிலைப் பைகளிலிருந்து மெல்லிய, சுருளுடைய கம்பளி இழையும் தோன்றுகின்றன. இவற்றுள் எது மிகுகிறது என்பதைப் பொறுத்தே ஓர் இனம் மயிரினம் என்றோ கம்பளியினம் என்றோ பிரிக்கப்படுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சமவெளியில் அடர்ந்த கம்பளி உடற்சூடு வெளியேறுவதைத் தடுக்கும் என்பதால், இங்கு நிலைத்தவை பெரும்பாலும் மயிரினங்களே. சேலம், ஈரோடு பகுதிகளின் மேச்சேரி ஆடு இறைச்சிக்கும் உயர்தரத் தோலுக்கும் பெயர்பெற்றிருப்பது இதனால்தான். அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் மந்தையை அடைத்து, புழுக்கையும் சிறுநீரும் மண்ணில் சேரச்செய்யும் கிடை போடுதலும் சமவெளி மேய்ப்பர்களுக்கு நெடுங்காலமாக வருவாய் தந்துவருகிறது.

தமிழகத்தில் கம்பளி முற்றிலும் இல்லை என்பதன்று. திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் ஆகிய இனங்கள், விரிப்புகளுக்கும் முரட்டுக் கம்பளிகளுக்கும் ஏற்ற தடித்த உரோமத்தைத் தருகின்றன. மென்கம்பளிக்குக் குளிர்ந்த மலை வேண்டியிருந்தமையால், 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளுடன் மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய அயலினங்கள் கலந்ததில் நீலகிரி ஆடு உருவாயிற்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா ஆய்வு நிலையம் அதைப் பேணிவருகிறது. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் தன் தென்மண்டல மையத்தை 1965இல் தொடங்கியது. அங்குப் பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கப்படுகின்றன.

கம்பளியின் தரம் இழையின் பருமனால் அளக்கப்படுகிறது. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்கும் குறைவான பருமனுடையதால் மேலாடைகளுக்குப் பயன்படுகிறது, அதனினும் வெகுவாகத் தடித்த இழை விரிப்புக்கே உதவுகிறது. இந்தியக் கம்பளியின் பெரும்பகுதி விரிப்புத் தரத்ததாக இருப்பதால், ஆடைத் தொழிலுக்கு வேண்டிய மென்கம்பளி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது.

புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும் மரக்காடுகளாகவும் மாறியதில் நீலகிரி ஆட்டின் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியுள்ளது. எனவே மேய்ச்சல் நிலத்தைக் காப்பது மலையினத்துக்கு எவ்வளவு இன்றியமையாததோ, பிற இனங்களுடன் கண்மூடித்தனமாகக் கலப்பதைத் தவிர்த்து அந்தந்த இனத்திலேயே நல்ல கிடாக்களைத் தெரிந்தெடுப்பது சமவெளி இனங்களுக்கு அவ்வளவு இன்றியமையாதது.