பழைய வீடும் சம்பாதிக்க வேண்டும்

லண்டனில் இருக்கும் என் தம்பி ஒருநாள் தொலைபேசியில் ஒரு கணக்குக் கேட்டார். லண்டனில் இரண்டு குடும்பம், இத்தாலியின் மிலான் நகரில் இரண்டு குடும்பம், பிள்ளைகளோடு மொத்தம் பதினாறு பேர். எல்லோரும் ஒரு வாரம் இத்தாலியில் ஓரிடத்தில் கூட வேண்டுமாம். "நானா, ஹோட்டலில் எட்டு அறை எடுப்பதா, நாட்டுப்புறத்தில் ஒரு பழைய மாளிகையை முழுதாக வாடகைக்கு எடுப்பதா?" என்றார்.

அவர் காட்டிய வீடுகளில் ஒன்றின் பெயர் 'வில்லா சரசெனோ'. வடஇத்தாலியில் விச்சென்சா நகருக்குத் தெற்கே வயல்வெளிக்கு நடுவே நிற்கிறது. அரபிகளையும் முஸ்லிம்களையும் குறிக்க ஐரோப்பியர் அன்று வழங்கிய சொல்தான் 'சரசெனோ'. இங்கே அது வீட்டைக் கட்டுவித்த கிறிஸ்தவக் குடும்பத்தின் பெயர். வரைந்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாடியோ (1508–1580). 1540களின் வேலை. அவர் 1570இல் வெளியிட்ட நூலிலும் இவ்வீட்டின் படம் உண்டு.

வியாபாரி என்ற முறையில் என்னைக் கவர்ந்தது வேறு விடயம். இது வெறும் உல்லாச மாளிகை அல்ல, ஒரு பண்ணையின் தலைமையகம். வெனிஸ் செல்வந்தர்கள் கடல் வியாபாரத்தோடு நிற்காமல் நிலத்திலும் முதலிட்ட காலம் அது. கீழே முதலாளி குடியிருந்தார், மேல்மாடியில் தானியம் சேமித்தார்கள். பல்லாடியோ இத்தகைய வீடுகளுக்கு விலைகூடிய கல்லைக் குறைத்துச் செங்கல்லும் சாந்துமே அதிகம் பயன்படுத்தினார். தூர நின்று பார்ப்பவருக்குக் கல்வேலை போலவே தோன்றும். செலவைக் குறைத்தும் கௌரவம் குறையாத வேலை!

பின்னாளில் வீடு கவனிப்பாரின்றிப் பழுதடைந்தது. 1989இல் அதை 'லேண்ட்மார்க் டிரஸ்ட்' என்ற பிரித்தானியத் தர்ம நிறுவனம் வாங்கி, 1994இல் திருத்த வேலைகளை முடித்தது. சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்த பழைய சுவரோவியங்களும் அப்போது வெளிப்பட்டன. 1996இல் அப்பகுதியின் பல்லாடியோ வீடுகள் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

சேர் ஜோன் ஸ்மித்தும் அவரது மனைவியும் 1965இல் தொடங்கிய இந்நிறுவனத்திடம் இன்று சுமார் இருநூறு கட்டடங்கள் உள்ளன. அவற்றை விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தைக் கட்டடங்களின் பராமரிப்புக்கே செலவிடுகிறார்கள். நமது வக்பு முறையை அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல. மூலச் சொத்து விற்கப்படாது, அதன் வருமானமே அதைக் காப்பாற்றும்.

இனித் தம்பியின் கணக்குக்கு வருவோம். இத்தகைய வீடுகளுக்கு ஆளுக்கல்ல, முழு வீட்டுக்கே வாடகை. ஒரு பேச்சுக்கு வாரத்துக்கு 3,360 யூரோ என்று வைப்போம். பதினாறு பேர் போனால் ஆளுக்கு 210 யூரோ, ஓர் இரவுக்கு 30. ஆறு பேர் மட்டும் போனால் ஆளுக்கு 560, ஓர் இரவுக்கு 80. ஆகவே இது கூட்டுக் குடும்பத்துக்குத்தான் இலாபம். சமையலறையும் நம் கையில் இருப்பதால் ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் சில விடயங்களை முன்கூட்டியே பார்க்க வேண்டும். வருகிறோம் என்றவர்களிடம் பணத்தை முதலில் வாங்கிவிட்டுத்தான் முற்பணம் கட்ட வேண்டும். பயணம் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் வாசிக்க வேண்டும். நாட்டுப்புறமாதலால் வாகனம் அவசியம். இத்தாலியின் பல நகரங்களில் பழைய பகுதிக்குள் அனுமதியின்றி வாகனம் ஓட்டினால் தண்டம் வரும். பல ஊர்களில் ஆளுக்கு இரவுவரி வேறு உண்டு. கோடைப் பாடசாலை விடுமுறையில் எங்கும் வாடகை உச்சத்தில் இருக்கும்.

"வீட்டையே எடு" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த பிறகு மனம் கனத்தது.

எங்கள் உம்மாவின் வாப்பா கட்டிய வீட்டில் தேக்குத் தூண்களும் நடுமுற்றமும் இருந்தன. உரிமைக்காரர் பதினொரு பேர், நானும் ஒருவன். விற்கவும் ஒத்துவரவில்லை, திருத்தவும் யாரும் காசு போடவில்லை. கூரை இறங்கிய பிறகு தூண்கள் வேறு, ஓடு வேறாக விலைபோயின. என் பங்குக்கு வந்த பணம் என் கடையின் ஒரு மாதச் சரக்குக்கும் போதவில்லை. அந்தத் தூண்கள் இன்று எந்த ஹோட்டல் வாசலில் நிற்கின்றனவோ!

ஒரு கூரைக்கு அன்று பதினொரு பேரும் சிறிது சிறிது போட்டிருந்தால், தம்பி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் பதிலாக ஊருக்கே வந்திருப்பார். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், உரிமைக்காரர்களை இந்த மாதமே ஒரு மேசையில் கூட்டுங்கள். அடுத்த மழைவரைக்கும் கூரை காத்திருக்காது.