கால் பிரண்டுடுச்சா? முதல்ல நாலு எட்டு

பனி ஊருக்குப் படிக்க வந்தா, பாடத்துக்கு முன்னாடி வழுக்கி விழக் கத்துக்கணும் :-) ஆட்டவாவுல எனக்கு இது ரெண்டாவது குளிர்காலம். பஸ் ஸ்டாப் பக்கத்துல, தார் ரோடு மாதிரியே கண்ணுக்குத் தெரியாம உறைஞ்சு கிடக்குற பனி. வலது கணுக்கால் உள்பக்கமா மடிஞ்சு, சொத்துன்னு உக்காந்துட்டேன்.

ரூமுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டா, "புளியும் உப்பும் கொதிக்க வச்சுப் பத்து போடுடா, யாரையாவது உருவி விடச் சொல்லு"ன்னாங்க. எலும்பு முறிஞ்சிருக்கான்னே தெரியாம எங்கம்மா உருவுறது? சூடும் உருவலும் முதல் ரெண்டு மூணு நாளைக்கு வேண்டவே வேண்டாம், வீக்கம்தான் கூடும்.

அவசரப் பிரிவுக்குப் போனா மணிக்கணக்கா உக்காரணும், இன்சூரன்ஸ் பேப்பர் வேற. போகணுமா, வீட்லயே பாத்துக்கலாமா? இதுக்கு 1992-ல இதே ஊர் டாக்டர்கள் ஒரு வழி சொன்னாங்க. பேரே ஆட்டவா கணுக்கால் விதிகள். உலகம் பூரா இன்னிக்கும் இதைத்தான் பாக்குறாங்க. விழுந்த உடனேயும் சரி, டாக்டர் பாக்கும்போதும் சரி, நாலு எட்டு வைக்க முடியலைன்னா எக்ஸ்ரே. நொண்டி நொண்டி வச்சாலும் கணக்குதான். கணுக்கால் ரெண்டு பக்கமும் புடைச்சிருக்கிற எலும்போட பின்விளிம்புல, நுனியிலேர்ந்து 6 செ.மீ. வரைக்கும் விரலால அழுத்திப் பாருங்க. எலும்பு மேலயே சுள்ளுன்னா எக்ஸ்ரே. பாதத்தோட வெளி ஓரத்துல நடுவுல ஒரு மேடு தட்டுப்படும், உள்பக்கம் வளைவுக்கு மேல ஒரு எலும்பு இருக்கும். அங்க வலிச்சாலும் அதேதான். கால் கோணலா இருந்தாலோ, விரல் மரத்துப் போனாலோ விதியெல்லாம் பாக்காம கிளம்பிடுங்க.

நான் எட்டு வச்சேன், பல்லைக் கடிச்சுக்கிட்டுதான். எலும்புல வலி இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கிற சதையில மட்டும். அங்கதான் வழக்கமா அறுந்து போற லிகமெண்ட் இருக்கு.

அப்புறம் எல்லாரும் செய்யறதுதான். பட்டாணி பாக்கெட்டைத் துண்டுல சுத்தி 15 நிமிஷம், ரெண்டு தலகாணி மேல கால், விரல் பக்கத்துலேர்ந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ். விரல் நீலமானா அவுத்துடணும். ஊர்லேர்ந்து கொண்டு வந்த குரோசின் போதும், இங்க அதையே அசிட்டமினோஃபென்னு விக்கிறாங்க.

ஐஸ் விஷயத்துல ஒரு தமாஷ். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல்னு 1978-ல ஃபார்முலா போட்டவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு பிற்பாடு அவரே மாத்திச் சொல்லிட்டார். வலி குறைய ஐஸ் வைங்க, தப்பில்ல. ஆனா வாரக்கணக்கா படுத்தே கிடக்காதீங்க.

மூணாம் நாள்லேர்ந்து பெருவிரலால காத்துல அ, ஆ, இ, ஈ எழுதினேன். 247-ம் வேண்டாம், ஔ வரைக்கும் போதும் :-) வலி தாங்குற அளவுக்கு நடக்கவும் செஞ்சேன். ஒரு வாரமாகியும் கால் ஊன முடியலைன்னா டாக்டர்தான்.

நம்ம ஆளுங்க கோட்டை விடறது அடுத்த கட்டத்துல. வலி போனதும் மறந்துடுவாங்க, ஆறு மாசத்துல அதே கால் மறுபடி பிரளும். லிகமெண்ட் அடிபட்டா, கால் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற உணர்வும் மந்தமாயிடும். அதைத் திரும்பப் பழக்கணும். பல் தேய்க்கும்போது அந்தக் கால்ல மட்டும் நில்லுங்க, தினமும். சுலபமாயிட்டா கண்ணை மூடிக்கிட்டு. அதுக்கு முன்னாடி கைக்கெட்டுற தூரத்துல சுவர் இருக்கான்னு பாத்துக்குங்க.