பள்ளி ஆய்வும் தனிநபர், சமூக, நலக் கல்வியும்

இங்கிலாந்துப் பள்ளிகளில் உடல்நலம், உறவுகள், பாதுகாப்பு, பணத்தைக் கையாளுதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பாடம் தனிநபர், சமூக, நல, பொருளாதாரக் கல்வி எனப்படுகிறது. இதற்குப் பொதுத்தேர்வு இல்லை. எனவே இதன் தரத்தை வெளியிலிருந்து அறியப் பள்ளி ஆய்வே முக்கிய வழியாகும்.

1992இல் உருவான ஆப்ஸ்டெட் ஆய்வு அமைப்பு, 2013இல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வு செய்த பள்ளிகளுள் 40 விழுக்காட்டில் இக்கல்வி போதிய தரத்தில் இல்லை எனக் கூறியது. 2019 முதல் மாணவரின் தனிமனித வளர்ச்சி தனியே மதிப்பிடப்பட்டது. 2020 செப்டம்பரில் உறவுக் கல்வியும் நலக் கல்வியும் அரசு நிதி பெறும் பள்ளிகளில் கட்டாயமாயின.

ஆயினும், பாலியல் துன்புறுத்தல் குறித்த 2021 ஆய்வில், இப்பாடங்கள் மிகக் குறைவாகவும் காலந்தாழ்ந்தும் கிடைத்ததாக மாணவர்கள் கூறினர். பாடத்திட்டத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் மாணவரிடம் கேட்டதால்தான் இக்குறை வெளிப்பட்டது.