ஒளிப்படம் ஒரு சான்று

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி வழிபட்டுத் திரும்பிய குடும்பத்தினர் எடுத்துக்கொண்ட பழைய ஒளிப்படமொன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடும். உறவினரின் நினைவுக்காக எடுக்கப்பட்ட அப்படத்தின் பின்னணியில் அந்நாளைய கடைவீதியோ மண்டபத் தூணோ தென்படலாம். காலம் செல்லச்செல்ல அப்பின்னணியே வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது.

ஒரு நகரின் கலைச்செல்வங்களைப் பதிவுசெய்த ஒளிப்பட நூல்களின் அருமையும் இத்தகையதே. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1858இல் நூல்தொகுதிகளாக வெளிவந்தன. ஒளிப்படத்தை எழுத்துகளோடு சேர்த்து அச்சிடும் முறை அன்று பரவவில்லை. எனவே, தாள் எதிர்ப்படிகளிலிருந்து ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே உருவாக்கிப் பக்கங்களில் ஒட்டினர். அதனால் படிகள் சிலவே உருவாயின. இன்று அவை மிக அரியவை.

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து கிடந்த நிலையை டிரைப்பின் படங்களில் காணலாம். பின்னர், ஆளுநர் நேப்பியர் காலத்தில் (1866-1872) அது சீரமைக்கப்பட்டது. சீரமைப்புக்கு முந்தைய தோற்றத்தை இன்று அரண்மனைக்குச் சென்று காண இயலாது. நூலில்தான் காண இயலும். அந்நூல்கள் அழிந்திருந்தால் அத்தோற்றமும் மறைந்திருக்கும்.

இத்தகைய நூல்களைச் சேர்க்கப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் பயனற்றவை எனக் கழித்த பழைய நூல்களையும் இதழ்களையும் அவர் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் மறைவுக்குப்பின், அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. தனியொருவரின் ஆர்வம் ஆய்வுலகின் பொதுச்சொத்தானது.

சேர்த்தலினும் காத்தல் அரிது. வெயிலும் ஈரமும் பூச்சியும் தாளின் பகைவர்கள். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டுதல் கூடாது. அதன் பசை நாளடைவில் தாளைக் கறைப்படுத்தும். படத்தின் பின்புறம் ஊர், ஆண்டு, இருப்போர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் மெல்லக் குறித்து வைத்தல் நன்று. குறிப்பில்லாத படம் பேசும் திறனை இழந்துவிடுகிறது.

பழைய தாள் கடைக்குச் செல்லும் கட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். படத்திலிருப்போரை அடையாளம் காட்டவல்ல முதியோரிடம் இன்றே கேட்டறியுங்கள். அவர்களின் நினைவும் அந்தத் தாளைப் போன்றே அழியக்கூடியது.