கண்மாய்க் கணக்கு – 9: வாறுகால் எங்கே போகிறது?

ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தண்ணீரோடு இன்றைக்கு என்னவெல்லாம் சேர்ந்து போகிறது என்பது இந்த வாரம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. குண்டாறு மழைக்கு ஓடும், பிறகு மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டில் விழுகிற மழையை வரத்துக்கால் வெட்டி ஊருணிக்கும் கண்மாய்க்கும் இழுத்துத்தான் இந்த ஊர்கள் பிழைத்தன. குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, செருப்போடு படியிறங்கக் கூடாது, வரத்து வருகிற பொட்டலில் வெளிக்குப் போகக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. (அதில் சாதியும் கலந்திருந்தது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச விருப்பமில்லை.) எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிக் கட்டுப்பாடு. தண்ணீர் வருகிற வழியிலேயே கெட்டுவிடும் என்று தெரிந்து போட்ட விதி அது.

வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் தண்ணீர் வந்தது. ஊருணி குடிக்க வேண்டாததாயிற்று. வரத்துக்காலைக் காவல் காக்கவும் ஆளில்லாமல் போயிற்று. தெருவோர வாறுகாலில் மழைத் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் ஒன்றாக ஓடுகின்றன. பள்ளம் தேடிப் போகிற பழைய வழியைத் தண்ணீர் மட்டும் மறக்கவில்லை.

வறண்ட பூமியில் இதன் கேடு இரட்டிப்பு. மாதக்கணக்கில் மழை இல்லாமல் தெருவில் சேர்ந்த வண்டி எண்ணெய், சாணம், பாலிதீன் பை எல்லாவற்றையும் முதல் மழை ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு போகிறது. போய்ச் சேரும் இடத்திலோ, அதைக் கரைத்து நீர்க்கச் செய்யும் அளவுக்குத் தண்ணீர் கிடையாது. இருப்பதும் கோடையில் வற்ற வற்ற, அழுக்கு செறிந்துகொண்டே போகும்.

1997இல் மதுரையில் தொடங்கிய தானம் அறக்கட்டளை, இந்தத் தென்மாவட்டங்களில் ‘வயலகம்’ என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தது. ஊருணிகளையும் ஊராரை வைத்தே சீர்செய்தது. கோவையில் 2017இல் பேரூர் பெரியகுளத்தில் தொடங்கிய தன்னார்வலர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரைகளில் குப்பை பொறுக்கினார்கள். பெரிய காரியம்தான். ஆனால், கரையில் ஒதுங்கிய குப்பையை எத்தனை ஞாயிறு பொறுக்கினாலும், தெருவில் வாளியைக் கவிழ்க்கிற கை நின்றால்தான் வேலை குறையும்.

அந்தக் கையை நிறுத்த கனடாவில் ஒரு வழி பிடித்தார்கள். 1991இல் தொடங்கிய ‘மஞ்சள் மீன் சாலை’ இயக்கத்தில், பள்ளிப் பிள்ளைகள் மழைநீர் வடிகால் வாய்க்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் வரைகிறார்கள். இதில் ஊற்றுவது மீனிடம் போகிறது என்று பார்க்கிறவருக்குப் புரியும். நம் ஊரில் மீன்கூட வேண்டாம். அந்த வாறுகால் எந்தக் கண்மாயில் விழுகிறதோ, அதன் பெயரை எழுதினால் போதும். எந்தக் கண்மாய் என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களோடு வாறுகால் நெடுக ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பெயிண்ட் டப்பாவைப் பிறகு திறக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மழைக்கு முன்னால் வாறுகாலைத் தூர்வாரி, அள்ளிய சகதியை அதன் ஓரத்திலேயே குவித்துவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. முதல் மழை அதை அப்படியே உள்ளே தள்ளிவிடும். கரூர் மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டிக் காவிரி வெள்ளத்தைக் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அந்தத் தண்ணீர் வரும்போது வரட்டும். இந்தப் புரட்டாசியில் தன்னார்வலர்கள் நகராட்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அள்ளிய சகதியை ஏற்றிப்போக வண்டி என்றைக்கு வரும் என்பதுதான்.