மூளைக்குள் ஒரு நாற்சந்தி

பக்கவாதம் தாக்கியவரை அசைக்காதீர்கள். ஊசியை எடுத்துப் பத்து விரல் நுனிகளிலும் குத்தி விரலுக்கு ஒரு சொட்டு ரத்தம் வரவழையுங்கள். வாய் கோணியிருந்தால் காது மடலிலும் குத்துங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் இந்தச் செய்தி ஓயவே மாட்டேன் என்கிறது. அனுப்புபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் விரல் நுனியில் துளிர்க்கும் சொட்டுக்கும் மூளைத் தமனியில் சிக்கிய ரத்தக்கட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரிய தமனி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடியும். ஊசி தேடும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

குத்தியதும் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சில அடைப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே விலகிவிடும். கை எழும், பேச்சு திரும்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஊசி இருந்தால் பெயர் ஊசிக்குப் போகும், எண்ணெய் இருந்தால் எண்ணெய்க்குப் போகும். நவீன மருத்துவத்துக்கு முந்தைய பக்கவாத சிகிச்சையின் கதை பெரும்பாலும் இதுதான்.

பினாங்கில் மூன்று சமூகங்களும் இந்த நோய்க்குக் காற்றின் பெயரையே வைத்தன என்பது வியப்பானது. தமிழில் வாதம் என்பதே காற்றுக்கூறு. மலாயில் ‘ஆங்கின் அஹ்மார்’, அதாவது சிவப்புக் காற்று. ஹொக்கியன் சீனத்தில் ‘தியோங் ஹோங்’, காற்றால் அடிபடுதல். காயமில்லை, காய்ச்சலில்லை, நேற்றுவரை நிமிர்ந்து நின்றவர் வாழை சாய்ந்ததுபோல ஒரு பக்கமாகச் சாய்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் வந்து அடித்துச் செல்வது வேறு எதுவாக இருக்க முடியும்?

வாதநோய்கள் எண்பது என்று வகுத்த சித்த மருத்துவம் பேதி கொடுத்தது, ஒற்றடமிட்டது, தைலம் பூசி உருவிவிடும் தொக்கணம் செய்தது. சரக சம்ஹிதையும் எண்ணெய், வியர்வை, பேதி என்றே சொன்னது. கேரளத்தில் வெதுவெதுப்பான எண்ணெயை உடல்மேல் பிழியும் பிழிச்சிலும் ஞவரை அரிசிக் கிழியும் இன்றும் தொடர்கின்றன. மலாய்க் கிராமங்களில் ‘ஊருட்’ என்னும் உருவிவிடுதல். சீனாவில் வாங் சிங்ரென் 1830இல் எழுதிய நூலில் உள்ள கஷாயத்தில் மண்புழுவும் சேரும். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மண்புழுவில் ரத்தக்கட்டைக் கரைக்கும் நொதிகளைக் கண்டதும், முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்ற முழக்கம் எழுந்தது. நொதி ஒரு புரதம். கஷாயமாகக் கொதிக்க வைத்தால் முட்டை வெந்ததுபோல உருக்குலைந்துவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்னோரைப் புகழ்வது அவர்களுக்கும் பெருமையல்ல.

ஐரோப்பா ரத்தத்தை வடித்தது. 1868 அக்டோபரில் லூயி பாஸ்டரைப் பக்கவாதம் தாக்கியது, இடப்பக்கம் செயலிழந்தது. மருத்துவர் அவருடைய காதுகளுக்குப் பின்னால் 16 அட்டைகளை விடச் சொன்னார். பாஸ்டர் பிழைத்தார். இடக்கை முழுமையாகத் திரும்பாவிட்டாலும், 1885இல் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தந்து, 1895வரை வாழ்ந்தார். அட்டைகள்தான் காப்பாற்றினவா?

இல்லை. காப்பாற்றியது எது என்று பார்க்கப் பினாங்கின் சிம்பாங் அம்பாட் வழியாகப் போவது வசதி.

ஊரின் பெயரே நாற்சந்தி என்றுதான் பொருள்படும். மூளையின் அடியிலும் அப்படி ஒரு சந்தி இருக்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் முதுகெலும்புத் துளைகளினூடே இரண்டு என நான்கு தமனிகள் மேலேறுகின்றன. பின்னிரண்டும் ஒன்றாகி, முன்னிரண்டோடு சிறு இணைப்புகளால் கைகோத்து ஒரு வளையமாகின்றன. தாமஸ் வில்லிஸ் 1664இல் இதை விவரித்தார். படம் வரைந்தவர் பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென். அதற்கு ஆறாண்டு முன்பே சுவிட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் வெப்ஃபர், பக்கவாதத்தில் இறந்தவர்களின் மூளையைத் திறந்து ரத்தக்கசிவைக் காட்டியிருந்தார். வரலாறு இவ்வளவு போதும். வில்லிஸ் கண்ட ஒரு பிணம்தான் முக்கியம். அந்த மனிதருக்கு ஒரு பக்கக் கழுத்துத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது. ஆனால் அவர் வேறு நோயால் இறந்தவர், பக்கவாதமே வந்ததில்லை. அதே பக்கத்துப் பின்தமனி மும்மடங்கு பருத்திருந்தது. புக்கிட் மெர்தாஜாம் சாலை மூடப்பட்டால் நிபோங் திபால் பக்கமிருந்து சரக்கு வந்து சந்தியைச் சுற்றிக் கடைகளுக்குப் போவதுபோல, ரத்தம் சுற்றுவழியில் வந்திருக்கிறது.

அப்படியானால் பக்கவாதம் ஏன் வருகிறது? பலருக்கு அந்த வளையம் முழுமையாக இருப்பதில்லை; ஓர் இணைப்பு நூல்போல மெலிந்திருக்கும், அல்லது இல்லவே இருக்காது. தவிர, அடைப்பு பெரும்பாலும் சந்தியைத் தாண்டித் தாமான் என்னும் குடியிருப்புக்குள் நுழையும் சாலையில் நேர்கிறது. அங்கே மூளையின் மேற்பரப்பில் ஒரு தமனியின் கடைசிக் கிளைகள் அடுத்ததன் கிளைகளை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். வீட்டுப் பின்புறச் சந்துகள் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளாழத்துக்குப் போகும் நுண்தமனிகளுக்கு அந்தச் சந்தும் இல்லை, முட்டுத்தெரு.

இந்தச் சந்துகள் வழியே வரும் ரத்தம் கொஞ்சம்தான். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் இயல்பு. அது 20க்குக் கீழே இறங்கினால் அணுக்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. 10க்குக் கீழே போனால்தான் விரைவில் இறக்கின்றன. இடைப்பட்ட அணுக்கள் பேசுவதில்லை, கையை அசைப்பதில்லை. ஆனால் உயிரோடு இருக்கின்றன! கிரகணத்தில் கருநிழலைச் சுற்றி வரும் வெளிறிய நிழல்போல இருப்பதால் இந்தப் பகுதியைப் புறநிழல் என்கிறார்கள். செத்துவிட்டது என்று ஊரே நினைக்கும் கை உண்மையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கையாக இருக்கலாம்.

தண்ணீர் என்றே சொல்வோம், சாலையை இனிக் குழாயாக மாற்றிக்கொண்டு. அழுத்தம் குறையும்போது முதலில் நிற்பது அடுக்குமாடியின் மேல்தளக் குழாய். புறநிழலில் இருப்பவர்கள் அந்த மேல்தளத்தார். அந்த வேளையில் ஒருவர் கீழே போய்த் தொட்டியையும் திறந்து வடித்துவிட்டால்? ரத்தம் வடித்த ஐரோப்பிய மருத்துவர் செய்தது அதுதான். கடும் பேதி கொடுத்து உடலின் நீரை இறக்கிய நம் வைத்தியரும் அதையேதான் செய்தார். இன்றோ அடைப்பு வகைப் பக்கவாதத்தில், ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து கொடுக்காத நோயாளிக்கு, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 220ஐத் தாண்டாதவரை முதல் நாளில் அழுத்தத்தை அவசரமாக இறக்குவதில்லை. வீட்டில் பதறிப்போய் அழுத்த மாத்திரையை நோயாளியின் நாக்கடியில் வைப்பதும் அதனால்தான் தவறு.

ஆனால் பழைய வைத்தியர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தமனி வெடித்துக் கசிந்தாலும் இதே கோணிய வாய், இதே விழுந்த கை. அங்கே அழுத்தத்தை இறக்கத்தான் வேண்டும். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய எந்த நாடியும் உதவாது. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேனில் தெரிந்தபோதுதான் அது கைகூடியது. 1984இல் எம்.ஜி.ஆரைப் பக்கவாதம் தாக்கி, நியூயார்க்கின் புரூக்ளினுக்கே அவரைக் கொண்டுசென்ற காலத்திலும், மூளையின் ரத்தக்கட்டைக் கரைக்க அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. அமெரிக்காவில் அது வந்தது 1996இல்.

பழைய மருத்துவம் சரியான பக்கம் நின்றது பிந்தைய மாதங்களில். தினமும் எண்ணெய் தேய்த்து மூட்டுகளை மடக்கி நீட்டியதால் கை இறுகிப்போகவில்லை. புரட்டிப் போட்டதால் படுக்கைப்புண் வரவில்லை. தைலம் நரம்பைப் புதுப்பிக்கவில்லை. இழந்த அசைவைத் திருப்பித் தந்தது, ஒருவர் கைபிடித்து எழுப்பி, நடக்க வைத்து, டம்ளரைப் பிடிக்க வைத்து, நாளெல்லாம் திரும்பத் திரும்பச் செய்வித்த பழக்கம். உயிரோடிருக்கும் மூளைப்பகுதிகள் இழந்த வேலையை அந்தப் பயிற்சியால்தான் கற்கின்றன. ‘எண்ணெய் வேலை செய்தது’ என்று நம்பிய குடும்பங்களில் உண்மையில் வேலை செய்தது, விடியற்காலையில் எழுந்து தேய்த்துவிட்ட மகளோ மருமகளோதான்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரமே கெடு. அந்தக் கடிகாரம் நீங்கள் கவனித்த நொடியில் தொடங்குவதில்லை. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நொடியில் தொடங்குகிறது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்திலிருந்து. அவசர உதவி எண் 999ஐ அழைத்துவிட்டு, வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாமல், அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.